நாள்பட்ட புரோஸ்டேட் அழற்சி: சீன மூலிகையா, அக்குபங்சர் ஊசியா, இன்னொரு கோர்ஸ் ஆன்டிபயாட்டிக்கா?

மூன்றாவது கோர்ஸ் ஆன்டிபயாட்டிக்கும் முடிந்துவிட்டது. விதைப்பைக்குப் பின்னால் அந்த மந்தமான வலி அப்படியே இருக்கிறது. உட்கார்ந்தால் கூடுகிறது, விந்து வெளியேறும்போது எரிகிறது, ராத்திரி இரண்டு தடவை எழுந்து பாத்ரூம் போக வேண்டியிருக்கிறது. இந்த நிலையில் மொபைலைத் திறந்து தேடுகிற ஆண்களுக்குச் சீக்கிரமே கண்ணில் படுவது சீன மூலிகை மாத்திரை விளம்பரம். பக்கவிளைவு கிடையாது, மூன்று மாதத்தில் வேரோடு போய்விடும், கூரியரில் வீட்டுக்கே வரும் என்பார்கள். வாங்கலாமா, அல்லது அந்தக் காசை வேறு எதில் போடலாம் என்று யோசிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எந்த மருந்தையும் எடைபோடுவதற்கு முன்னால் ஒன்றைத் தீர்த்துக்கொள்ள வேண்டும்: சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புரோஸ்டேட் சுரப்பியின் அழற்சியில் உங்களுக்கு இருப்பது எந்த வகை? அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் 1990களில் வகுத்த பட்டியல்தான் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. முதல் வகை, குளிர்காய்ச்சலோடு திடீரென்று வரும் கிருமித் தொற்று. அது அவசர சிகிச்சை, அங்கே மூலிகைப் பேச்சுக்கே இடமில்லை. இரண்டாவது, நாள்பட்ட கிருமித் தொற்று. ஒரே கிருமி, பெரும்பாலும் ஈ.கோலி, சிறுநீரில் திரும்பத் திரும்ப வரும். மூன்றாவது வகையில் கல்ச்சர், அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை, எடுத்தால் ஒன்றும் வளராது, ஆனால் வலி மாதக்கணக்கில் இருக்கும். நாலாவதில் தொந்தரவே தெரியாது, வேறு எதற்கோ சோதனை செய்யும்போது அகப்படும். நாள்பட்ட புரோஸ்டேட் அழற்சி என்று சீட்டில் எழுதி வாங்கி வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு இருப்பது மூன்றாவது வகை. அதில் புரோஸ்டேட் சுரப்பிக்கு எவ்வளவு பங்கு, சுற்றியிருக்கும் தசைக்கும் நரம்புக்கும் எவ்வளவு பங்கு என்பதே ஆளுக்கு ஆள் மாறும்.

சோதனையும் பெரிய விஷயமில்லை. சிறுநீர் ஒரு பாட்டில், அப்புறம் டாக்டர் விரலால் புரோஸ்டேட்டை அழுத்தி மசாஜ் செய்தபின் இன்னொரு பாட்டில். இரண்டையும் கல்ச்சருக்கு அனுப்பி ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். சங்கடமான ஐந்து நிமிடம், அவ்வளவுதான். இதைச் செய்யாமலேயே மூன்று கோர்ஸ் மாத்திரை விழுங்கியவர்கள் நிறையப் பேர்.

அடுத்தது அளவுகோல். இந்த நோய்க்கென்று 1999இல் ஒரு கேள்வித்தாள் வந்தது. வலிக்கு 21, சிறுநீர்த் தொந்தரவுக்கு 10, வாழ்க்கைத் தரத்துக்கு 12, மொத்தம் 43 மதிப்பெண். எண் ஏற ஏற அவதி அதிகம். மொத்தத்தில் 6 குறைந்தால்தான் நோயாளிக்கே வித்தியாசம் தெரிகிறது என்பது ஆய்வாளர்கள் ஏற்றுக்கொண்ட கணக்கு. இந்த 6 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு எண்ணும் வேண்டும். 2008இல் அல்ஃபுசோசின் என்ற மாத்திரையை 272 ஆண்களிடம் பன்னிரண்டு வாரம் சோதித்தார்கள். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. மருந்து சாப்பிட்டவர்களில் 49.3 சதவீதம் பேருக்கு நல்ல முன்னேற்றம். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களிலும் அதே 49.3 சதவீதம்! இந்த நோய் தானாக ஏறி இறங்கும் சுபாவமுள்ளது. ரொம்ப மோசமான வாரத்தில்தான் மனிதன் மருந்து தேடுகிறான், அடுத்த மாதம் எப்படியும் கொஞ்சம் இறங்கியிருக்கும். ஆகவே ‘எங்கள் மாத்திரையில் பாதிப் பேருக்குக் குணம்’ என்று யாராவது சொன்னால் அது வெற்று மாத்திரையின் சாதனைக்குச் சமம். அதற்கு மேலே எவ்வளவு என்பதுதான் கேள்வி.

இப்போது ஒவ்வொன்றாக வருவோம். ஆன்டிபயாட்டிக்கை முதலில் முடித்துவிடலாம். கல்ச்சரில் கிருமி வளர்ந்தால் பேச்சே இல்லை, அதுதான் மருந்து. நாலு முதல் ஆறு வாரம், அந்தக் கிருமிக்கு எது வேலை செய்யும் என்று பார்த்துக் கொடுப்பார்கள். புரோஸ்டேட்டுக்குள் எல்லா ஆன்டிபயாட்டிக்கும் நுழையாது, அதனால்தான் சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் வகைகள் அடிக்கடி வருகின்றன. கிருமி வளராதவருக்கு? 2004இல் 196 ஆண்களிடம் ஆறு வாரம் சிப்ரோஃப்ளாக்சசின், சிறுநீர்ப் பாதையைத் தளர்த்தும் டாம்சுலோசின் இரண்டையும் தனித்தனியாகவும் சேர்த்தும் கொடுத்துப் பார்த்தார்கள். வெற்று மாத்திரையை எதுவும் மிஞ்சவில்லை. அதோடு இந்த வகை ஆன்டிபயாட்டிக்குக்கு தசைநாண் அறுந்துபோகும் அபாயம் உண்டு என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008இல் மருந்துக் குறிப்பில் பெட்டி கட்டி எச்சரித்தது. 2016இல் நரம்புப் பாதிப்பையும் சேர்த்து, வேறு வழியுள்ள சாதாரணத் தொற்றுகளுக்கு இதை எழுதாதீர்கள் என்றது. கல்ச்சர் சுத்தமாக இருக்கும்போது நாலாவது கோர்ஸ் எழுதினால், எதற்கு என்று டாக்டரிடம் கேட்பதில் தப்பே இல்லை. சிறுநீர் முக்கி முக்கி வருகிறவருக்கு டாம்சுலோசின் சில வாரம் கொடுத்துப் பார்ப்பதில் நியாயம் இருக்கிறது. வலி மட்டும் இருப்பவருக்கு நான் பெரிதாக எதிர்பார்க்கமாட்டேன்.

சரி, சீன மூலிகை.

இதில் இரண்டு வேறுபட்ட பொருள்கள் ஒரே பெயரில் விற்கப்படுகின்றன. ஒன்று, படித்துப் பதிவு பெற்ற சீன மருத்துவர் ஆளைப் பார்த்து எழுதிக் கொடுக்கும் கஷாயம். இன்னொன்று, ஆளைப் பார்க்காமலே எல்லோருக்கும் விற்கும் ரெடிமேட் மாத்திரை. இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பதில்தான் முக்கால்வாசிக் குழப்பம்.

பழைய சீன மருத்துவத்தில் புரோஸ்டேட் என்ற உறுப்பே கிடையாது. மருத்துவர் பார்ப்பது ஆளின் நிலையை. சிறுநீர் மஞ்சளாக எரிந்து போகிறது, நாக்கில் மஞ்சள் படிவு, வாய் கசப்பு என்றால் உடம்பின் கீழ்ப்பகுதியில் ஈரமும் சூடும் இறங்கியிருக்கிறது என்பார். வலி ஒரே இடத்தில் குத்தி நிற்கிறது, நாக்கு கருஞ்சிவப்பு என்றால் இரத்தத் தேக்கம். இடுப்பும் பாதமும் சில்லிட்டு, ஆசை குறைந்து, சோர்வாக இருந்தால் சிறுநீரகத்தின் யாங், அதாவது உள்சூடு, குறைவு. பினாங்கு, சிங்கப்பூர்ப் பக்கம் சின்சே எனப்படும் சீன மருத்துவரிடம் போய்வந்த தமிழர்களுக்கு இந்தக் காட்சி பழக்கம்: மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து இரண்டு கையிலும் நாடி பார்ப்பார், நாக்கை நீட்டச் சொல்வார், மலம், தூக்கம், தாகம் என்று விசாரிப்பார். நம் வைத்தியர்கள் வாதம் பித்தம் கபம் பார்ப்பதற்கு ரொம்பத் தூரமில்லை.

எழுதிக்கொடுப்பது பெரும்பாலும் ஏழு நாளைக்கு ஏழு பொட்டலம். தான்ஷென் என்ற செங்கல் நிற வேர், ஹுவாங்பாய் என்ற மஞ்சள் மரப்பட்டை, மிளகைவிடச் சிறிய கறுப்பு உருண்டைகளாக வாங்புலியுஷிங் விதை, குசும்பாப் பூ, அதிமதுரம். பொட்டலத்தை அரைமணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, மண்சட்டியில் கொதிக்கவைத்து வடித்து, மறுபடி தண்ணீர் ஊற்றி இரண்டாம் தடவை கொதிக்கவைத்து, இரண்டு வடிநீரையும் கலந்து காலையும் மாலையும் வெதுவெதுப்பாகக் குடிக்க வேண்டும். சேச்சியன்ஸி என்று ஒரு குட்டி விதை வரும், நம் இசப்கோலின் உறவுக்காரன். அதை மட்டும் துணியில் முடிந்துதான் போட வேண்டும். இல்லாவிட்டால் கொழகொழவென்று சட்டியின் அடியில் ஒட்டித் தீய்ந்துபோகும். கசப்பு நிலவேம்புக்குக் கொஞ்சமும் குறையாது. இந்தச் சிரமத்துக்கு அஞ்சுகிறவர்களுக்காகத்தான் கடையிலேயே காய்ச்சிப் பையில் அடைத்துத் தருவதும், கரைத்துக் குடிக்கும் தூளும் வந்தன.

அடுத்த வாரம் போனால் நாலைந்து மூலிகை மாறியிருக்கும். சோதனை செய்வதற்கு இதுவே பெரிய தடை. ஆளுக்கு ஆள், வாரத்துக்கு வாரம் மாறும் மருந்தை எப்படி ஒரே மருந்தாக எடுத்து அளப்பது? இருந்தும் சீனாவில் ஏராளமான ஆய்வுகள் நடந்திருக்கின்றன. பெரும்பாலும் சிறியவை, யாருக்கு எந்த மருந்து என்று மறைக்காதவை. 1998இல் ஆண்ட்ரூ விக்கர்ஸ் குழு உலகெங்கும் வெளியான அக்குபங்சர் ஆய்வுகளை நாடுவாரியாகப் பிரித்துப் பார்த்தது. அவர்கள் எடுத்த பட்டியலில் சீனாவிலிருந்து வந்த அத்தனை ஆய்வுகளிலும் முடிவு சாதகம். ஒன்றுகூடத் தோற்கவில்லை. தோற்காத மருத்துவம் உலகத்தில் இல்லை, ஆகவே தோற்றவை அச்சுக்கு வரவில்லை என்றுதான் பொருள். மூலிகை ஆய்வுகளையும் அதே கண்ணோடுதான் படிக்கிறேன்.

மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2019இல் புரோஸ்டேட் அழற்சிக்கான மருந்து ஆய்வுகள் எல்லாவற்றையும் திரட்டிப் பார்த்தபோது, சீன மூலிகைக்கு வெற்று மருந்தைவிடச் சராசரியாகச் சுமார் 3 மதிப்பெண் கூடுதல் பலன் தெரிந்தது. ஆய்வுகளின் தரம் குறைவு என்ற குறிப்போடு. 6 குறைந்தால்தான் ஆளுக்கு வித்தியாசம் தெரியும் என்றேனே, இது அதில் பாதி. சராசரி 3 என்றால் சிலருக்கு 8, பலருக்கு ஒன்றுமில்லை என்றும் இருக்கலாம். ஆகவே பொய் என்று ஒதுக்கவும் முடியாது, வேரோடு போகும் என்று நம்பவும் முடியாது. ஏற்கெனவே எல்லாம் செய்து பார்த்துவிட்ட ஒருவர், நல்ல மருத்துவர் அருகில் இருந்தால், ஆறு வாரம் எட்டு வாரம் முயன்று பார்க்கலாம் என்ற அளவுக்கு இது போதும்.

பயப்பட வேண்டியது வேறு இடத்தில் இருக்கிறது. ஈரச்சூட்டுக்கு என்று சீன மருத்துவர்கள் காலங்காலமாக எழுதும் இரண்டு கலவைகள் உண்டு: லொங்தான் ஷியேகான், பாசெங் ஸான். சிறுநீர் எரிச்சல், புரோஸ்டேட் தொந்தரவு இரண்டுக்கும் இவை ஓடும். இரண்டிலும் மு தொங் என்ற கொடித்தண்டு சேரும். பழைய நூல்களின் மு தொங் ஆபத்தில்லாத ஒரு கொடி. இருபதாம் நூற்றாண்டில் அது கிடைக்காமல் போக, மஞ்சூரியாவில் தாராளமாக விளையும் குவான் மு தொங் அந்த இடத்தைப் பிடித்தது. அதில் அரிஸ்டோலோகிக் அமிலம் இருக்கிறது. சத்தமில்லாமல் சிறுநீரகத்தைச் சுருங்கவைத்து, பல வருஷம் கழித்துச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் கொண்டுவரும்.

முதலில் இது வெளிப்பட்டது சீனாவில்கூட இல்லை. பிரசல்ஸ் நகரத்தில் உடல் இளைக்கவைக்கும் ஒரு கிளினிக்கில் சீன மூலிகை கலந்த மாத்திரை சாப்பிட்ட இளம் பெண்களுக்குச் சிறுநீரகம் பழுதானது 1993இல் மருத்துவ இதழில் வந்தது. எண்ணிக்கை பின்னால் நூறைத் தாண்டியது. அங்கும் ஒரு மூலிகைக்குப் பதிலாக அரிஸ்டோலோகியா இனத்து இன்னொன்று மாறி வந்திருந்தது. 2003இல்தான் சீன அரசு குவான் மு தொங்கை மருந்துப் பட்டியலிலிருந்து நீக்கியது, தைவானும் அதே ஆண்டு தடை விதித்தது. இப்போது முறையான கலவைகளில் பழைய மு தொங்தான் சேர்க்க வேண்டும். ஆனால் எங்கிருந்தோ கூரியரில் வரும் உருண்டையில் என்ன இருக்கிறது என்று யார் பார்த்தது? நமக்கும் இதில் சம்பந்தம் உண்டு. ஆடுதீண்டாப்பாளையும் ஈசுவரமூலியும் இதே அரிஸ்டோலோகியா இனம்தான். மூலிகை என்றாலே சாது என்று நினைப்பவர்கள் நம் ஊர்ச் செடிகளிலிருந்தே அதைத் திருத்திக்கொள்ளலாம்.

ரெடிமேட் மாத்திரைக்கு இன்னொரு கதையும் இருக்கிறது. பிசி-ஸ்பெஸ் என்று எட்டு மூலிகை சேர்ந்த ஒரு கேப்சூல் 1990களில் அமெரிக்காவில் புரோஸ்டேட் புற்றுநோய்க்காரர்களிடம் பிரபலம். பெரிய பல்கலைக்கழக மருத்துவர்களே ஆராய்ச்சி செய்யும் அளவுக்கு நல்ல பலன் காட்டியது. 2002இல் கலிஃபோர்னியா சுகாதாரத் துறை பரிசோதித்தபோது உள்ளே வார்ஃபரின் அகப்பட்டது, இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை அது. செயற்கை ஈஸ்ட்ரோஜனும் இண்டோமெதசின் என்ற வலி மருந்தும்கூட வேறு ஆய்வுக்கூடச் சோதனைகளில் சிக்கின. மூலிகை என்று சொல்லி ஹார்மோனைக் கொடுத்திருக்கிறார்கள், பலன் தெரியாமல் எப்படி இருக்கும்! சிங்கப்பூரின் சுகாதார அறிவியல் ஆணையம் இன்றைக்கும் ‘மூலிகை’ மாத்திரைகளில் ஸ்டீராய்டோ வீரிய மாத்திரையோ கலந்திருப்பதைக் கண்டுபிடித்து எச்சரித்துக்கொண்டே இருக்கிறது. மூன்றே நாளில் வலி பறந்துவிட்டது என்று ஒரு மூலிகை மாத்திரைக்கு யாராவது சான்று சொன்னால் எனக்குச் சந்தோஷத்தைவிடச் சந்தேகம்தான் முதலில் வரும்.

ஆகவே என் தீர்ப்பு: இணையத்தில் ஆளைப் பார்க்காமல் விற்கும் மாத்திரை வேண்டவே வேண்டாம். மலேசியாவில் வாங்குகிறவர்கள் டப்பாவில் எம்.ஏ.எல். என்று தொடங்கி டி என்று முடியும் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். சிங்கப்பூரில் 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி சீன மருத்துவர்களுக்குப் பதிவேடு உண்டு, பெயரைத் தேடிச் சரிபார்த்துவிட்டுப் போகலாம். இந்தியாவில் ஆயுஷ் பட்டியலில் சீன மருத்துவம் கிடையாது. சென்னையில் இருந்துகொண்டு கஷாய வழியில் போவது அதனால் கஷ்டம்தான்.

சீன மருத்துவத்தின் மேல் நம்பிக்கை இருப்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது அக்குபங்சர் ஊசியை. இங்கே ஆதாரம் மூலிகையைவிட ஒரு படி மேல். பினாங்கில் நடந்து 2008இல் வெளியான ஆய்வில் 89 ஆண்களுக்கு வாரம் இரண்டு முறை, பத்து வாரம் ஊசி போட்டார்கள். பாதிப் பேருக்கு உண்மையான புள்ளிகளில், மீதிப் பேருக்குத் தள்ளிப் போலியாக. உண்மை ஊசியில் 44 பேரில் 32 பேருக்கும் போலியில் 45 பேரில் 21 பேருக்கும் 6 மதிப்பெண் குறைந்தது. சிகிச்சையை நிறுத்தி ஆறு மாதம் கழித்து அந்தப் பலன் நிலைத்தது உண்மை ஊசிக்காரர்களில் மூன்றில் ஒருவருக்கு. பின்னர் பெய்ஜிங்கின் குவாங்ஆன்மென் மருத்துவமனை தலைமையில் பத்து மருத்துவமனைகளில் 440 ஆண்களை வைத்துப் பெரிதாகச் செய்தார்கள், 2021இல் முடிவு வந்தது. எட்டு வாரத்தில் இருபது அமர்வு. உண்மை ஊசியில் 60.6 சதவீதம், போலியில் 36.8. நிறுத்தி இருபத்துநாலு வாரம் கழித்தும் இந்த இடைவெளி அப்படியே இருந்தது. மூலிகைக்கு இப்படி ஒரு ஆய்வு இருந்திருந்தால் இந்தக் கட்டுரையின் தலைப்பே வேறாக இருந்திருக்கும்.

ஒரு எச்சரிக்கை. இந்த ஆய்வுகளில் போட்டது நிஜ ஊசி. பெய்ஜிங்கில் இடுப்புக்குக் கீழே முக்கோண எலும்பின் பக்கம் நீளமான ஊசி இறக்கி அரைமணி நேரம் வைத்தார்கள். தமிழ்நாட்டில் தெருவுக்குத் தெரு அக்குபங்சர் போர்டு தொங்குகிறது, பல இடங்களில் ஒரு புள்ளியை விரலால் தொடுவதோடு சரி. அதற்கும் இந்த எண்களுக்கும் சம்பந்தம் கிடையாது. மலேசியாவில் இருப்பவர்களுக்கு இது சுலபம். 2007இலேயே கெப்பாலா பத்தாஸ் அரசு மருத்துவமனையில் பாரம்பரிய மருத்துவப் பிரிவு தொடங்கிவிட்டார்கள், அக்குபங்சரும் அதில் உண்டு.

மூலிகைதான் வேண்டும், ஆனால் சட்டி கொதிக்கவைக்க முடியாது என்பவருக்கு நடுவழி ஒன்று: பூ மகரந்தச் சாறு. ஜெர்மனியில் 2009இல் 139 ஆண்களிடம் பன்னிரண்டு வாரம் சோதித்ததில் நூற்றுக்கு எழுபது பேர் தேறினார்கள், வெற்று மாத்திரையில் ஐம்பது. மகரந்த ஒவ்வாமை உள்ளவர்கள் தவிர மற்றவர்களுக்குப் பெரிய தொந்தரவு தெரியவில்லை. சீனாவிலும் கடுகு இனப் பூவின் மகரந்தத்தில் செய்த புலேஆன் மாத்திரை ரொம்ப காலமாகப் புழக்கத்தில் இருக்கிறது. குவெர்செட்டின் என்ற தாவரச் சத்து 500 மில்லிகிராம் தினம் இரண்டு வேளை என்பதற்கும் 1999இல் ஒரு ஆய்வு உண்டு. பலன் நன்றாகவே இருந்தது, ஆனால் மொத்தம் 30 பேர்தான்.

விளம்பரம் செய்ய ஆளில்லாத வழி ஒன்று இருக்கிறது, இடுப்புத்தளத் தசைக்கான பிசியோதெரபி. வலி வந்தால் அந்தத் தசையை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறோம், இறுகிய தசையே அப்புறம் வலிக்க ஆரம்பிக்கிறது. விரலால் அழுத்தினால் சுருக்கென்று வலிக்கிற முடிச்சு அங்கே இருந்தால், அது எந்தக் கஷாயத்துக்கும் கரையாது. பிசியோதெரபிஸ்ட் அதைத் தளர்த்தி, மூச்சோடு சேர்த்துத் தசையை விடுவிக்கப் பழக்குவார். இதற்கு நேர்மாறாக ‘கீகல் பயிற்சி செய்யுங்கள்’ என்று, அதே தசையை இறுக்கும் பயிற்சியை, யூடியூபில் சொல்வதைக் கேட்டு, ஏற்கெனவே இறுகியதை இன்னும் இறுக்கிக்கொண்டவர்களும் உண்டு. இத்தாலியில் 2007இல் 103 ஆண்களை வைத்துப் பார்த்தபோது, பதினெட்டு வாரம் வேகமாக நடந்தவர்களுக்கு வெறும் கைகால் நீட்டிய குழுவைவிட வலி குறைந்தது. காசு செலவில்லாத சிகிச்சை, அதனாலேயே யாரும் சீட்டில் எழுதுவதில்லை போலிருக்கிறது.

கல்ச்சரில் ஒன்றும் வளராத, நாற்பது வயதுக்காரர் ஒருவர் என்னிடம் கேட்டால் இந்த வரிசையில் சொல்வேன்: முதலில் நடையும் பிசியோவும், கூடவே மூன்று மாதம் மகரந்தச் சாறு. அதில் 6 குறையவில்லை என்றால் நிஜ ஊசி இருபது அமர்வு. அதற்கப்புறம்தான் கஷாயம், அதுவும் பதிவு பெற்ற மருத்துவரிடம். பினாங்கிலோ சிங்கப்பூரிலோ இருப்பவர் ஊசிக்கும் கஷாயத்துக்கும் ஒரே இடத்தில் போக முடியும் என்பதால் இரண்டையும் சேர்த்தே தொடங்கலாம், எது உதவியது என்று பின்னால் தெரியாது என்பதைத் தவிரக் குறையில்லை.

கஷாயத்துக்குப் போகிறவர்கள் தொடங்குமுன் சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் சோதனையும் கல்லீரல் சோதனையும் எடுத்து வையுங்கள். ஒரு மாதம் கழித்து மறுபடி எடுங்கள். வார்ஃபரின் சாப்பிடுகிறவர் தான்ஷென் பக்கமே போகக் கூடாது, இரத்தம் கசிய ஆரம்பிக்கும். பிரஷர் இருப்பவர் அதிமதுரம் சேர்ந்த கலவையை வாரக்கணக்கில் குடித்தால் பிரஷர் ஏறி, பொட்டாசியம் இறங்கும். ஆகவே தினம் விழுங்கும் மாத்திரைகளின் சீட்டைச் சின்சேயிடமும், அவர் எழுதிய மூலிகைப் பட்டியலை யூராலஜிஸ்டிடமும் காட்டுங்கள். பட்டியல் ரகசியம் என்று சொல்லும் மருத்துவரிடம் வாங்க வேண்டாம். நடுவில் காய்ச்சல் குளிரோடு வந்தாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, சிறுநீரில் இரத்தம் தெரிந்தாலோ பொட்டலத்தை ஓரமாக வைத்துவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எட்டு வாரம் முடிந்து கேள்வித்தாளில் எண் இறங்கவில்லை என்றால், இன்னும் ஒரு மாதம் பார்ப்போம் என்று யார் சொன்னாலும் நிறுத்திவிடலாம்.